பசி தீர்க்கும் பண்டகசாலை

வங்கி என்றவுடன் நம் மனத்தில் எழுவது பணம். மிகுதியாக உள்ளவர் இடுகின்றார். தேவை நேர்ந்தவர் எடுக்கின்றார். இடையே நம்பிக்கை என்னும் ஒன்று நின்று காரியத்தை நடத்துகின்றது. பணத்துக்கு இவ்வாறு ஒரு நிலையம் இருக்குமாயின் உணவுக்கும் ஒன்று இருத்தலாகாதா என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் பொருளியல் அறிஞரல்லர். அரசியல் தலைவரும் அல்லர். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற ஓர் ஏழைத் தாய். அவர் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்ததே, இன்று உலகின் பல நாடுகளில் 'உணவு வங்கி' என்னும் பெயரோடு இயங்கிவரும் அறநிலையம். அதன் வரலாற்றையும், அது நடைபெறும் முறையையும், அதனைத் தாங்கி நிற்கும் தொண்டர்களின் பணியையும், அதனால் ஆவது யாது, ஆகாதது யாது என்பதையும் இன்றைய பேச்சில் நேயர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கே அரிசோனா என்றொரு மாநிலம் உண்டு. பாலை நிலமே பெரும்பகுதி. அதன் தலைநகர் பீனிக்ஸ். 1960 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், அந்நகரில் வறியவர்க்கு இலவசமாக உணவளிக்கும் கத்தோலிக்க அறச்சாலையொன்றில் ஜோன் வான் ஹெங்கல் என்பவர் தொண்டராகப் பணிபுரிந்து வந்தார். முன்னர் வணிகத் துறையில் இருந்தவர். வாழ்க்கையில் அடிபட்டு, உடலும் நலிவுற்ற நிலையில் அந்நகருக்கு வந்து சேர்ந்தவர். அந்நகர வீட்டுத் தோட்டங்களில் தோடை, எலுமிச்சை இன மரங்கள் மிகுதி. பழுத்து விழுந்து எவர்க்கும் பயன்படாது அழியும் பழங்களைக் கண்ட அவர், உரியவர்களின் இசைவு பெற்று, அவற்றைப் பறித்துப் பழைய பால் வண்டியொன்றில் ஏற்றி அறச்சாலைக்குக் கொண்டுவருவாராயினர். உணவுக்குக் குறைவில்லாத ஊரில் உணவில்லாத மனிதர் இருக்கின்றனர் என்னும் முரண்பாட்டை அவர் முதன்முதலில் உணர்ந்தது அப்பழ மரங்களின் அடியில் எனலாம்.

அக்காலத்திலேதான் நாம் முற்கூறிய தாயை அவர் சந்தித்தார். அப்பெண்ணின் கணவர் மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர். பத்துப் பிள்ளைகளின் பசியை எவ்வாறு ஆற்றுகின்றீர் என்று வினவியபோது, பெரிய மளிகைக் கடைகளின் பின்புறத்தே குப்பைத் தொட்டிகளில் நல்ல உணவு கிடைக்கின்றது. அதை எடுத்துவந்து உண்பிக்கின்றேன் என்று அவர் கூறினார். வான் ஹெங்கல் சென்று பார்த்தார். பெட்டி நசுங்கியமையாலும், விற்பனைத் தேதி நெருங்கியமையாலும் எறியப்பட்ட, உண்பதற்கு முற்றிலும் ஏற்ற பொருள்களே அத்தொட்டிகளிற் கிடந்தன. வங்கியிற் பணத்தை இட்டு எடுப்பதுபோல, இப்பொருள்களை எறியாது ஓரிடத்திற் சேர்த்துவைத்து, வேண்டியவர் வந்து எடுத்துச்செல்ல வழிசெய்தல் ஆகாதா என்பது அத்தாயின் எண்ணம். அப்பெண்ணின் பெயரை உலகம் அறிந்திலது. ஆயினும் அவர் சொல் நின்றுவிட்டது.

வான் ஹெங்கல் அந்நகரின் புனித மரியாள் ஆலயத்தை அணுகினார். ஆலயத்தார் 3,000 டொலர் பணமும், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பாண் பேக்கரிக் கட்டடம் ஒன்றும் கொடுத்துதவினர். 1967 ஆம் ஆண்டில் அக்கட்டடத்திலே புனித மரியாள் உணவு வங்கி தோன்றிற்று. உலகின் முதல் உணவு வங்கி என இன்று பலரும் கொள்வது இதனையே. தொண்டர்களின் கையுழைப்பைக் கொண்டு, முதலாண்டில் மாத்திரம் 275,000 இறாத்தல் உணவு வறியவர்க்கு வழங்கப்பட்டது. அவ்வளவும் வேறெங்கேனும் விலைக்கு வாங்கப்பட்டதன்று. பெரும்பாலும் குப்பைக்குப் போகவிருந்த பொருளே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நல்ல உணவு ஏன் எறியப்படுகின்றது என்று நேயர்கள் கேட்கலாம். காரணங்கள் பல. பேணியின்மேல் ஒட்டிய தாள் கிழிந்திருக்கலாம். பன்னிரண்டு போத்தல்கள் அடங்கிய பெட்டியில் ஒன்று உடைந்து ஏனையவற்றை நனைத்திருக்கலாம். ஆலையில் ஒரு பொருள் தேவைக்கு மேலாக உற்பத்தியாகியிருக்கலாம். காய்கனிகள் கடைக்காரர் விரும்பும் வடிவில் அமையாதிருக்கலாம். இவற்றுள் எதுவும் உணவின் சத்தைக் குறைப்பதன்று. இவற்றோடு தேதி பற்றிய மயக்கமும் ஒன்றுண்டு. சில பொருள்களில் 'இந்நாளுக்கு முன் உண்பது சிறப்பு' என்னும் கருத்திலே தேதி குறிக்கப்படுகின்றது. அந்நாள் கடந்தபின் சுவை சிறிது குன்றலாமேயன்றிப் பெரும்பாலும் தீங்கில்லை. வேறு சில பொருள்களில், சிறப்பாக இறைச்சி, மீன், பால் வகைகளில், 'இந்நாளுக்குள் உண்ணவேண்டும்' என்னும் கட்டளையாகத் தேதி இடப்படுகின்றது, அதனை மீறலாகாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் வீடுகளிலும் கடைகளிலும் வீணாகும் உணவு கொஞ்சமன்று.

வணிகர்க்கு வேறோர் அச்சமும் இருந்தது. தாம் இலவசமாகக் கொடுத்த பொருளை உண்டு ஒருவர் நோயுற்றால் தம்மீது வழக்குத் தொடுப்பாரே என்பதே அது. எறிவதால் வழக்கில்லை, கொடுப்பதால் வழக்குண்டு என்றால் வணிகர் எதைத் தெரிவார்? அமெரிக்க நாட்டில் 1976 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வரிச்சட்டம் உணவை அறத்துக்கு ஈயும் நிறுவனங்களுக்குச் சலுகை அளித்தது. 1996 ஆம் ஆண்டில் நிறைவேறிய மற்றொரு சட்டம், நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவரைப் பெருங்கவனக்குறைவு இல்லாதவிடத்து வழக்கினின்றும் காத்தது. பிரான்சு தேசத்தார் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெருங்கடைகள் உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே அழிப்பது குற்றமென 2016 ஆம் ஆண்டில் அங்கே சட்டம் வகுக்கப்பட்டது. தொண்டர்களின் அன்பு மாத்திரம் போதாது. அவ்வன்பு நடந்து செல்லச் சட்டம் பாதையமைக்க வேண்டும் என்பதற்கு இவை சான்றுகளாம்.

இனி, உணவு வங்கி இயங்கும் முறையைப் பார்ப்போம். அமெரிக்காவிலும் கனடாவிலும் உணவு வங்கி என்பது பெரும்பாலும் ஒரு பெரும் பண்டகசாலை. லொறிகளில் உணவு வந்திறங்குகின்றது. தொண்டர்கள் நீண்ட மேசைகளின் இருமருங்கும் நின்று அதனைத் தரம் பிரிக்கின்றனர். வீங்கிய பேணி, கசியும் பொதி, தேதி கடந்த பொருள் ஆகியவை விலக்கப்படுகின்றன. ஏனையவை இனவாரியாக நிறுத்தெழுதப்பட்டு அடுக்கப்படுகின்றன. முதலிற் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும் என்பது அங்கே மீறப்படாத விதி. பால், இறைச்சி முதலியன குளிரறைகளிற் பேணப்படுகின்றன. இவ்வாறு சேர்ந்த உணவு அப்பண்டகசாலையிலிருந்து ஆலயங்கள், முதியோர் இல்லங்கள், பாடசாலைகள், இலவசக் குசினிகள் முதலிய சிறு நிலையங்களுக்குச் சென்று, அவற்றின் வழியாக மக்களை அடைகின்றது. குளத்திலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து வயலுக்குப் பாய்வதை ஒப்பது இவ்வேற்பாடு.

பிரித்தானியாவில் இப்பெயர் சற்று வேறு பொருளில் வழங்குகின்றது. அங்கே உணவு வங்கி என்றால், பசித்தவர் நேரே வந்து பொதி பெற்றுச்செல்லும் இடமே. அதன் பெருவளர்ச்சிக்குக் காரணமாய் அமைந்தது சோல்ஸ்பரி என்னும் நகர். அந்நகரில் வாழ்ந்த பாடி ஹென்டர்சன், கரோல் ஹென்டர்சன் என்னும் தம்பதியர் 1997 ஆம் ஆண்டில் ட்ரஸல் அறக்கட்டளையை நிறுவிப் பல்கேரியா நாட்டுச் சிறுவர்களுக்கு உதவி திரட்டி வந்தனர். ஒருநாள் சோல்ஸ்பரியிலேயே வாழ்ந்த ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, தம் பிள்ளைகள் இன்றிரவு பசியோடு உறங்கப் போகின்றனர், நீங்கள் என்ன செய்யப் போகின்றீர்கள் என்று கேட்டார். தூரதேசத்துப் பசியைக் கண்ட கண்களுக்குத் தெருக்கோடிப் பசி தெரியாமற் போனமை அவர்களைச் சுட்டது. 2000 ஆம் ஆண்டில் தம் வீட்டு வண்டிக்கொட்டிலையும் தோட்டத்துக் கொட்டகையையும் பண்டகசாலையாக்கி உணவு வழங்கத் தொடங்கினர். அங்கே கடைப்பிடிக்கப்பட்ட முறை இது: மருத்துவரோ, ஆசிரியரோ, சமூகப் பணியாளரோ ஒரு குடும்பத்தின் இடரை அறிந்து சீட்டொன்று எழுதிக் கொடுப்பார், அதனைக் கொண்டுவருவோர்க்குக் குறைந்தது மூன்று நாளுக்குப் போதிய உணவு வழங்கப்படும்.

வேறு நாடுகளிலும் இவ்வியக்கம் விரைந்து பரவிற்று. வான் ஹெங்கல் 1976 ஆம் ஆண்டில் 'இரண்டாம் அறுவடை' என்னும் பெயரில் ஒரு தேசிய அமைப்பை ஏற்படுத்தினார். அறுவடையின்போது வயலோரத்தை முற்ற அரியாமலும், சிந்திய கதிரைப் பொறுக்காமலும் வறியவர்க்கென விட்டுவிட வேண்டும் என்னும் விவிலிய விதியையே அப்பெயர் நினைவூட்டுகின்றது. அவ்வமைப்பு 2008 ஆம் ஆண்டில் வேறு பெயர் பூண்டு, இன்று ஏறத்தாழ 200 உணவு வங்கிகளை இணைத்து நிற்கின்றது. கனடாவின் முதல் உணவு வங்கி 1981 ஆம் ஆண்டில் எட்மன்ரன் நகரிலும், ஐரோப்பாவின் முதல் உணவு வங்கி 1984 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலும் தோன்றின. இவற்றுக்கெல்லாம் வித்திட்ட வான் ஹெங்கல் 2005 ஆம் ஆண்டில் மறைந்தார்.

கடைகளின் மிச்சம் மாத்திரம் இப்பண்டகசாலைகளை நிரப்பிவிடாது. ஊர்மக்களிடமிருந்து உணவும் பணமும் திரட்டுவதே தொண்டர்களின் பெரும் பணி. அதனை அவர்கள் செய்யும் முறைகளுட் சில கேட்டற்கு இனியன. கடைவாயிலில் இரண்டு தொண்டர் நிற்பர். உள்ளே செல்வோர் கையில் ஒரு சிறு சீட்டைக் கொடுப்பர். அதில் 'இவ்வாரம் எமக்கு வேண்டியவை' எனச் சில பொருள்களின் பெயர் இருக்கும். விரும்பியவர் தம் வீட்டுக்கு வாங்குவதோடு அவற்றுள் ஒன்றையும் வாங்கி, வெளியே வரும்போது அங்குள்ள கூடையில் இட்டுச்செல்வர். காசு கேட்டாற் கூசுபவர்கூட ஒரு பேணி மீனை மனமுவந்து கொடுப்பர். பிரான்சு தேசத்தில் ஒவ்வோராண்டும் நவம்பர் மாத இறுதியில் நாடெங்கும் இத்தகைய திரட்டல் நடைபெறுகின்றது.

அமெரிக்காவில் தபாற்காரர்களின் தொழிற்சங்கம் மேற்கொண்ட முறை இன்னும் வியத்தற்குரியது. 1993 ஆம் ஆண்டு தொடக்கம், மே மாதத்தின் இரண்டாஞ் சனிக்கிழமையன்று, வீட்டார் உணவுப் பொதியொன்றைத் தம் தபாற்பெட்டியின் அருகே வைத்துவிடுவர். கடிதம் கொண்டுவரும் தபாற்காரர் அதனை எடுத்துச்சென்று அவ்வூர் உணவு வங்கியிற் சேர்ப்பர். நாள்தோறும் ஒவ்வொரு வாயிலையும் மிதிக்கும் கால்கள் அவர்களுடையன. புதிதாய் ஓர் அமைப்பை உருவாக்காது, உள்ள பாதையிலேயே அறத்தையும் நடத்திவிட்டமை அவர்தம் மதிநுட்பம். நம் ஊர்களில் எத்தொண்டை மேற்கொள்ள விழைவோரும் இதிலிருந்து ஒரு பாடம் கற்கலாம். வீடுவீடாகச் செல்பவர் யார் என்று முதலிற் பாருங்கள். அவரிடமே பாதி வேலை முடிந்திருக்கும்.

உணவாகக் கொடுப்பது சிறந்ததா, பணமாகக் கொடுப்பது சிறந்ததா என்றொரு கேள்வி எழுவதுண்டு. பொருள் கொடுப்பவர்க்கு மனநிறைவு மிகுதி. ஆயினும் உணவு வங்கி மொத்த விலையில் வாங்க வல்லது. ஆதலின் நாம் சில்லறைக் கடையில் ஒரு பேணிக்குக் கொடுக்கும் பணத்தைக் கொண்டு அது கூடுதலான உணவைப் பெறக்கூடும். லொறிக்கு எண்ணெயும், குளிரறைக்கு மின்சாரமும் பேணிகளால் வாங்கத்தக்கனவல்ல. இரண்டும் வேண்டும் என்பதே அனுபவம் வாய்ந்தோர் கூறும் விடை. எப்பொழுது கொடுப்பது என்பதும் சிந்திக்கத்தக்கது. நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் மேல்நாட்டு உணவு வங்கிகள் நிரம்பி வழிகின்றன. கோடை விடுமுறையிலோ கொடை குறைகின்றது; ஆனால் பாடசாலையிற் கிடைத்த மதிய உணவு நின்றுபோவதால் பிள்ளைகளின் பசி அப்பொழுதுதான் மிகுகின்றது. பசி பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. திருவிழாக் காலத்து ஒருநாட் பெருங்கொடையிலும், மாதந்தோறும் வரும் சிறுகொடையே பண்டகசாலைக்குப் பெரும் பலம்.

இனி, வீடற்றோர் நிலைமையைக் கருதுவோம். பசியும் வீடின்மையும் ஒன்றையொன்று தொடரும் இரட்டைத் துன்பங்கள். வாடகை கொடுத்தபின் மீதியில்லாமையால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கின்றது. உணவுக்குச் செலவழித்து வாடகை தவறியமையால் மற்றொரு குடும்பம் தெருவுக்கு வருகின்றது. உணவு வங்கியின் வாயிலில் முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் இன்னும் வீட்டை இழக்காதவர். ஒரு பொதி உணவு அவர்கள் கையிற் சேர்ந்தால், அதற்காக ஒதுக்கிய பணம் வாடகைக்குப் போகின்றது. ஆகவே உணவளிப்பது ஒருவகையில் வீட்டைக் காப்பதுமாகும்.

வீட்டை இழந்துவிட்டவருக்கோ வழக்கமான உணவுப்பொதி பயன்படுவதில்லை. அரிசியும் பருப்பும் கொடுத்தால் அடுப்பெங்கே? பேணி கொடுத்தால் அதனைத் திறக்கும் கருவி எங்கே? இதனைத் தொண்டர்கள் அனுபவத்தாற் கண்டறிந்தனர். பிரித்தானிய உணவு வங்கிகளில் இக்காலத்து மூவகைப் பொதிகள் கட்டப்படுவதுண்டு. அடுப்புள்ள வீட்டார்க்கு ஒன்று. வெந்நீர் மாத்திரம் காய்ச்ச வசதியுடைய விடுதி அறையிற் குடியிருப்போர்க்கு, வெந்நீர் ஊற்றி உண்ணத்தக்க பொருள்களடங்கிய மற்றொன்று. தெருவிலே துயில்வோர்க்கு, சமையாது உண்ணத்தக்கனவும் கையால் இழுத்துத் திறக்கத்தக்க பேணிகளும் அடங்கிய பிறிதொன்று. கொடுப்பவன் தன் வீட்டுக் குசினியை நினைத்துக் கொடுத்தல் ஒன்று. பெறுபவனின் இருப்பிடத்தை நினைத்துக் கொடுத்தல் மற்றொன்று. பின்னையதே அறிவோடு கூடிய அறம்.

இவ்விடத்தில் ஒலிபரப்போடு தொடர்புடைய ஒரு செய்தியையும் கூறவேண்டும். 1966 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'கதி கம் ஹோம்' என்னும் நாடகம் ஒளிபரப்பாயிற்று. ஜெரமி சான்ட்போர்ட் எழுதியது. கென் லோச் நெறிப்படுத்தியது. இளந்தம்பதியர் இருவர் விபத்தொன்றின் பின் வேலையையும் வீட்டையும் இழந்து, விடுதி விடுதியாய் அலைந்து, இறுதியில் பிள்ளைகளும் தாயிடமிருந்து அதிகாரிகளாற் பிரிக்கப்படும் துயரமே அதன் கதை. ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் அதனைக் கண்டனர். முன்னரே திட்டமிடப்பட்டிருந்த 'ஷெல்டர்' என்னும் வீடற்றோர் துணைச்சங்கம் சில நாட்களின் பின், டிசம்பர் முதலாந் தேதி, தொடங்கப்பெற்றது. நாடகத்தால் நெகிழ்ந்த நாட்டுமக்களின் ஆதரவு அதற்குக் கிடைத்தது. நகர்தோறும் தொண்டர் குழுக்கள் பணம் திரட்டின. ஆனால் பணம் திரட்டுவதோடு அவர்கள் அமையவில்லை. வீடற்றோர் யாவர், அவர் ஏன் அந்நிலையை அடைந்தனர் என்பதை ஆராய்ந்து வெளியிட்டு, அரசாங்கத்தை இடைவிடாது வற்புறுத்தினர். பதினோராண்டு கழித்து, 1977 ஆம் ஆண்டில், பிள்ளைகளையுடைய குடும்பங்கள் முதலிய முன்னுரிமை உடையோர் வீடிழந்தால் அவர்க்குத் தங்குமிடம் அளிப்பது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை எனப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. உண்டியலில் விழுந்த காசு ஒரு சட்டமாக மாறிய வரலாறு இது.

மேல்நாட்டுச் செய்தியை இத்துணை விரித்தமையால், நமக்கு இஃது அந்நியம் என நேயர்கள் கருதவேண்டா. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியை நாம் காவியத்திற் கண்டவர்கள். வடலூரிலே இராமலிங்க அடிகளார் 1867 ஆம் ஆண்டில் ஏற்றிய சத்திய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகின்றது. பீனிக்ஸ் நகரப் பண்டகசாலைக்குச் சரியாக நூறாண்டு முற்பட்டது அவ்வடுப்பு. யாழ்ப்பாணத்தில் 1877 ஆம் ஆண்டளவில் பஞ்சமும் கொள்ளைநோயும் வருத்தியபோது, ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோரைக் காத்தார். பிடியரிசி என்னும் வழக்கத்தையும் நம்மிற் பலர் கேள்வியுற்றிருப்பர். உலையிடுமுன் இல்லத்தரசி ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வேறொரு முட்டியில் இடுவார். வாரமுடிவில் வருவோர் அதனைக் கொண்டுசெல்வர். அவ்வரிசியால் ஆலயப் பணிகளும் பாடசாலைகளும் நடைபெற்றன. ஒருபிடி குறைந்தமையால் எவ்வீட்டு உலையும் வற்றியதில்லை. மேல்நாட்டார் கடைவாயிலில் வைத்த கூடைக்கும் நம் குசினியில் இருந்த முட்டிக்கும் கருத்தளவில் வேற்றுமை இல்லை. வேற்றுமையெல்லாம் கணக்கிலும் ஒழுங்கிலுமே உண்டு. நாம் அன்னதானத்தை விழாநாளோடு இணைத்தோம்; அவர்கள் அதனை ஆண்டு முழுவதற்குமான நிர்வாகமாக்கினர்.

அத்தகைய நிர்வாகத்தின் தேவையை நம் நாடு அண்மையில் உணர்ந்தது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, செப்டம்பர் மாதத்தில் கொழும்பில் உணவு விலைகள் முன்னாண்டை நோக்க நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்திருந்தன. அவ்வாண்டில் 63 இலட்சம் மக்கள், அதாவது நூற்றுக்கு 28 பேர், போதிய உணவுக்கு உறுதியற்ற நிலையில் இருந்தனர் என ஐக்கிய நாடுகள் அமைப்பின் உணவு நிறுவனங்கள் மதிப்பிட்டன. அந்நாட்களில் ஆலயங்களிலும் விகாரைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஊர் மண்டபங்களிலும் சமூகச் சமையற்கூடங்களைத் தொண்டர்கள் திறந்தனர். ஒரு வீட்டார் தேங்காய் கொடுக்க, மற்றொரு வீட்டார் விறகு கொடுக்க, வேறொருவர் வந்து கிண்டிக் கொடுத்தார். நாளும் உணவளித்த பெண்கள் சிலர் தம் வீட்டுக்கும் அங்கிருந்தே உணவு கொண்டுசென்றனர். கொடுப்பவர், பெறுபவர் என்னும் கோடு அவ்விடத்தில் அழிந்துபோயிற்று.

அக்கோட்டைப் பற்றியே இன்னும் சிறிது கூறவேண்டும். உணவு பெற வருபவர்க்குப் பசியைக் காட்டிலும் வெட்கமே பெருஞ்சுமை. வரிசையில் நிற்கும்போது அயலார் காண்பாரோ என்று அஞ்சுவர். பிள்ளையை அனுப்பித் தாம் தெருமுனையில் மறைந்து நிற்போரும் உளர். இதனை அறிந்த உணவு வங்கிகள் சில, கட்டிய பொதியைக் கையிற் கொடுக்கும் முறையை விட்டு, கடைபோற் பொருள்களை அடுக்கிவைத்து, வந்தவர் தமக்கு வேண்டியதைத் தாமே தெரிந்தெடுக்கச் செய்கின்றன. தம் பிள்ளை விரும்புவதைத் தாமே எடுக்கும் தாய் ஏந்தி நிற்பவர் ஆகார். பொருள் வீணாதலும் குறைகின்றது. தொண்டர்க்கு அங்கே கற்பிக்கப்படும் பாடமும் எளிது. வந்தவரை இருக்கச் சொல்லுங்கள், தேநீர் கொடுங்கள், கேட்கவேண்டியதை ஒருமுறை கேளுங்கள், மறுமுறை கேளாதீர்கள். பெறுபவரின் படத்தை எடுத்துப் பலரும் காணப் பரப்புதல் இக்காலத்துப் பெருங்குறை. கொடுத்த அரிசி மூன்று நாளில் தீர்ந்துவிடும். அப்படத்தால் உண்டான வடு அப்பிள்ளையின் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.

இறுதியாக, அறிஞர் சிலர் எழுப்பும் தடையொன்றை மறையாது கூறுதல் கடமை. உணவு வங்கிகள் பெருகுதல் ஒரு நாட்டுக்குப் பெருமையன்று என்பர் அவர். பிரித்தானியாவில் ட்ரஸல் அறக்கட்டளையின் நிலையங்கள் 2023 ஏப்ரல் தொடக்கம் 2024 மார்ச் வரையிலான ஓராண்டில் 31 இலட்சம் பொதிகளை வழங்கின. செல்வம் மிக்க ஒரு நாட்டில் இவ்வெண்ணிக்கை மகிழ்ச்சிக்குரியதா? தொண்டர்கள் சுமப்பதால் அரசாங்கத்தின் தோளிலுள்ள சுமை இறங்கிவிடுகின்றது. பசியென்பது உரிமைக் குறைவு என்னும் உணர்ச்சி மங்கி, இரக்கத்துக்குரிய செய்தியாகச் சுருங்கிவிடுகின்றது என்பதே அவர்தம் வாதம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கலாகாது. நம் நாட்டிலும் 1942 ஆம் ஆண்டு தொடங்கிய கூப்பன் அரிசி முறை பல தலைமுறையைத் தாங்கிற்று. அவ்வரிசியின் விலையைக் கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது 1953 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆந் தேதி நாடே கிளர்ந்தெழுந்தது. மக்கள் அன்று கேட்டது பிச்சையன்று. தமக்குரியதென அவர்கள் கருதியதையே கேட்டனர்.

ஆயினும் தடை கூறுவோர்க்கு விடையும் உண்டு. சட்டம் வரும்வரை பிள்ளை காத்திராது. கூலி உயரும்வரை வயிறு பொறாது. இன்றிரவுப் பசிக்கு இன்றிரவே விடை வேண்டும். அதனை அயலார் கைகளே அளிக்கவல்லன. அதேவேளை, நாள்தோறும் வாயிலில் நிற்போரைக் காணும் தொண்டரே அப்பசியின் காரணத்தையும் நன்கறிந்தவர். வேலை போனதாலா, நோயாலா, வாடகையாலா, உதவிப்பணம் தாமதித்ததாலா என்பதை அவர் எழுதிவைத்தால், அவ்வேடு அரசாங்கத்தின் முன் மறுக்கொணாத சான்றாகின்றது. ஷெல்டர் சங்கத்தார் செய்தது அதுவே. ஒரு கையாற் சோறிட்டு, மறுகையாற் கணக்கெழுதும் தொண்டே முழுத்தொண்டு.

நம் ஊர்களில் இத்தகைய பண்டகசாலையொன்றை அமைக்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. பூச்சியும் எலியும் அணுகாத ஓர் அறை, ஒரு தராசு, வரவும் செலவும் எழுத ஒரு புத்தகம், மாதந்தோறும் வருவோமென வாக்களித்து அவ்வாக்கைக் காக்கும் பத்துப்பேர் ஆகியவை போதும். பீனிக்ஸ் நகரிலும் தொடக்கம் ஒரு பழைய பேக்கரியே. அப்பழைய பிடியரிசி முட்டி எத்தனை வீடுகளில் இன்னும் எஞ்சியிருக்கின்றதோ அறியேன். இருப்பின், இன்றிரவு உலை வைக்குமுன் அதனைத் துடைத்து அடுப்பருகே வையுங்கள். இல்லையாயின் வெற்றுப் பால்மாப் பேணியொன்றும் அவ்வேலையைச் செய்யும். அதில் விழும் முதற்பிடி யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதைத் தெருவில் இறங்கி நடந்தால் நீங்களே அறிந்துகொள்வீர்கள்.